கோர்டோபாவில் மூன்று மணி நேரம்

அத்தியாயம் 9

தொலேடோவில் வாங்கிய விசிறி பாரிஸ் வந்து சேரவில்லை.

சிவப்பு விசிறி. வெள்ளைப் பொட்டுகள் போட்டது. ஐந்தாறு வயதுப் பிள்ளை பிடிக்கிற அளவு. ஞானசுந்தரம் அதைக் கடையில் விரித்துப் பார்த்து, மடித்து, சட்டைப்பைக்குள் வைத்ததை அவர் மனைவி கோசலை தன் கண்ணாலே கண்டாள். அவர்கள் வீட்டில் அந்த வயதில் பிள்ளை இல்லை. ஒரே மகள் மிருணாளினிக்கு இருபத்துநான்கு. ஸ்பெயினிலிருந்து திரும்பியதும் கோசலை பெட்டிகளைக் கொட்டி, ஒவ்வொரு உடுப்பாக உதறிப் பார்த்தாள். விசிறி இல்லை.

அது நடந்து பதினாறு நாள். அவள் வாய் திறந்து கேட்கவில்லை. கேட்டால் "ஒண்டுமில்லை" என்பார். இருபத்தாறு வருடம் கூட வாழ்ந்தவளுக்கு அவருடைய "ஒண்டுமில்லை"யில் எத்தனை வகை உண்டென்று தெரியாதா?

கேட்காமல் சேர்த்து வைத்தாள். பாரிசுக்கு வெளியே லெ பிளாங்-மெனிலில் தங்கள் வீட்டு வேலை செய்யும்போதும், ரயிலில் வேலைக்குப் போகும்போதும், சேர்த்து வைத்ததை எடுத்து எடுத்துப் பார்த்தாள்.

முதலாவது, இந்தப் பயணமே சந்தேகத்துக்குரியது. பாரிசில் ரூ பெர்தொனே தெருவில் உள்ள சாப்பாட்டுக் கடையொன்றின் குசினிக்குள் இருபத்தெட்டு வருடமாக நிற்கிற மனிதர் ஞானசுந்தரம். விடுமுறை விட்டால் நித்திரை கொள்வார். கலியாணம் காட்சியென்றால் லண்டன் போய் வருவார். அப்படிப்பட்டவர் மார்ச் மாதத்தில் ஒருநாள் ஒரு துண்டுத்தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். எட்டு நாள், ஸ்பெயினின் பழைய நகரங்கள், சொகுசு பஸ், சாப்பாடு, வழிகாட்டி எல்லாம் சேர்த்து.

"போவமோ?" என்றார்.

அன்றைக்கு அவளுக்கு அது மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. இப்போது நினைக்கையில், அவர் தன்னைக் கேட்டபோது முகத்தைப் பார்க்காமல் தாளைப் பார்த்துக்கொண்டு கேட்டது நினைவுக்கு வருகிறது.

இரண்டாவது, தொலேடோ. மலைமேல் ஏறுகிற ஒடுங்கிய கல்தெருக்கள். கறுத்த இரும்பில் தங்கக் கம்பி பதிக்கிற கடைகள். வானம் மட்டும் தெரிகிற மாதிரி உயர்ந்து நிற்கிற பெரிய தேவாலயம். எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள். ஞானசுந்தரம் பார்த்ததெல்லாம் சாப்பாட்டுக் கடைகளின் பின்வாசல்களை. மதியச் சாப்பாட்டின்போது பாதியில் எழும்பிக் குசினி வாசலில் போய் நின்றார்.

"என்னத்துக்கு எழும்பிப் போனனீங்கள்?"

"எப்பிடிச் சமைக்கினம் எண்டு பாத்தனான்."

சமையற்காரன் சமையலைப் பார்ப்பதில் என்ன பிழை என்று அவளும் அன்று விட்டுவிட்டாள்.

மூன்றாவது, கோர்டோபா. அதுதான் எல்லாவற்றுக்கும் நடுவில் கிடந்தது.

அன்று காலையிலேயே வெயில் கொளுத்தியது. மஞ்சள் குடை பிடித்த ஒல்லியான பெண்மணிதான் அந்த ஊர் வழிகாட்டி. ஆளுக்கொரு சின்னப் பெட்டியும் காதில் கொழுவ ஒரு கம்பியும் தந்தார். அவர் முன்னால் நடந்து பிரெஞ்சில் சொல்வது பின்னால் வருகிறவர் காதிலும் விழுவதற்காக. ஞானசுந்தரம் தன்னுடையதை அந்த இடத்திலேயே திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"வயித்துக்குள்ளை என்னவோ செய்யுது. நான் பஸ்சிலை படுக்கிறன். நீ போட்டு வா."

கோசலை மற்றவர்களோடு உள்ளே போனாள். ஒரு காலத்துப் பள்ளிவாசல், பிறகு நடுவில் தேவாலயம் கட்டப்பட்டதாம். எண்ணூற்றைம்பது தூண்களுக்கு மேல். சிவப்பும் வெள்ளையுமாகக் கோடு போட்ட வளைவுகள், ஒன்றன்மேல் ஒன்றாக, பார்க்கப் பார்க்க முடியாமல் உள்ளே போய்க்கொண்டே இருந்தன. ஒரு தூணுக்குப் பின்னால் நின்றால் அடுத்த தூணில் நிற்கிறவரைத் தெரியாது. காதுக்குள் வழிகாட்டி எந்த அரசன் எந்தப் பக்கத்தைக் கட்டினான் என்று சொல்லிக்கொண்டிருக்க, கோசலையின் நெஞ்சில் ஒரே ஒரு கேள்வி. காலையில் கறுப்புக் கோப்பி தவிர ஒன்றும் வாயில் வைக்காத மனிதருக்கு வயிற்றுக்குள் என்ன செய்கிறது?

பிறகு ஆரஞ்சுப் பழம் காய்த்த தோடைமரங்கள் நிற்கிற முற்றத்தில் படம் எடுத்தார்கள். சாப்பாட்டில் குளிரவைத்த தக்காளிச் சாறு தந்தார்கள். ஆறிப்போன ரசத்தைப் பாணோடு அரைத்த மாதிரி இருந்தது. அவள் இரண்டு கரண்டியோடு எழும்பி, ஆற்றங்கரையில் நின்ற பஸ்சுக்கு ஓடினாள். சாரதி கிரிகோரி நிழலில் நின்று சிகரெட் பிடித்துக்கொண்டிருந்தார்.

"உங்கட அவரா? இல்லையே மதாம். காலையிலை பூட்டின பஸ். இன்னும் திறக்கேல்லை," என்று பிரெஞ்சில் சொன்னார்.

காலையில் பிரிந்து மூன்று மணி நேரம் கழித்துத்தான் ஞானசுந்தரம் வந்தார். கண் சிவந்திருந்தது. சட்டையில் பொரியல் எண்ணெய் மணம்.

"வெயில்," என்றார்.

அதற்குப் பிறகு நடந்ததுதான் அவளுக்கு இன்னும் உறுத்தியது. செவில்லாவில் அந்தப் பெரிய கோபுரத்துக்குப் படிகள் கிடையாது, சரிவுப் பாதைதான். முப்பத்தைந்து சரிவு. முதல்நாள் வயிற்றுநோ என்றவர் இளந்தாரி மாதிரி ஏறினார். கிரனாடாவில் அரண்மனை பார்க்க வரிசையில் நின்றபோது அவருடைய போன் சிணுங்கியது. எடுத்து வாசித்தார், சிரித்தார், திரையைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டார். செவில்லாவிலும் சரி, கிரனாடாவிலும் சரி, ஒரு குசினி வாசலையும் அவர் எட்டிப் பார்க்கவில்லை.

தேடினது கோர்டோபாவிலேயே கிடைத்துவிட்டது. அவ்வளவுதான் விளங்கிற்று. தேடினது என்ன என்பதுதான் விளங்கவில்லை.

*

இந்த ஞாயிற்றுக்கிழமை, பயணம் போனவர்கள் எல்லோரும் ஒன்றாகக் கூடிச் சாப்பிட்டுப் படம் பார்ப்பதாக ஏற்பாடு. ஏற்பாடு செய்தவர் சுப்ராயன், பாண்டிச்சேரிக்காரர். பாரிஸ் தபால் இலாகாவில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிறகு, வருடத்தில் இரண்டு தரம் இப்படி பஸ் பிடித்து ஆட்களைக் கூட்டிப் போகிறவர். கூடிய இடம் ஞானசுந்தரத்தின் கடைதான். மேல்மாடி மண்டபத்தைத் தந்திருந்தார்கள்.

"இண்டைக்கு நீங்கள் விருந்தாளி. குசினிப் பக்கம் போகக்கூடாது," என்று முதலாளி சொல்லியும், ஞானசுந்தரம் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம் கீழே இறங்கிப் போய்வந்தார்.

கோசலை சுவரோரக் கதிரையில் இருந்து அதையும் பார்த்துக்கொண்டிருந்தாள். போகும்போது போன் மேசையில் இருக்கிறதா, கையில் போகிறதா? கையில்தான் போனது. ஒவ்வொரு தரமும்.

பக்கத்தில் அஜந்தா. பாரிசின் தமிழ்க் கடைப்பகுதியான லா சப்பலில் அழகுநிலையம் வைத்திருப்பவள். பஸ்சில் அவர்களுக்குப் பின்சீட்டு. எட்டு நாளில் அறுநூறு படம் எடுத்தவள்.

"என்னக்கா, முகம் வாடிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை," என்றாள் கோசலை. சொன்ன பிறகுதான் அது யாருடைய சொல் என்று உணர்ந்தாள்.

"கடைசி நாலு நாளும் உங்கட அவரைப் பாத்தனான் அக்கா. மனுசன் எவ்வளவு கலகலப்பு. கோர்டோபாவுக்குப் பிறகுதான் ஆள் அப்பிடி மாறினவர்."

கோசலை திரும்பிப் பார்த்தாள். அஜந்தாவின் முகத்தில் சூது ஒன்றும் தெரியவில்லை. வெறும் வாய்க்கு வந்த கதை. ஆனால் அடுத்தவள் கண்ணுக்கே தெரிந்திருக்கிறது.

மிருணாளினி தன் கணினியைச் சுவரில் இருந்த தொலைக்காட்சியோடு இணைத்து, அஜந்தாவின் படங்களை ஒவ்வொன்றாக ஓடவிட்டாள். அவள் பயணத்துக்குப் போகாதவள். அலுவலகத்தில் லீவு கிடைக்கவில்லை. இன்றைக்கு உதவிக்கு வந்திருந்தாள்.

தொலேடோ வந்தது. தேவாலய வாசலில் நாற்பது பேர். பாதாம் இனிப்புக் கடையில் வாய் நிறைய இனிப்போடு சுப்ராயன். மண்டபம் சிரித்தது. கோர்டோபா வந்தது. தூண்கள், தூண்கள், தோடைமர முற்றம். பிறகு அஜந்தா தனியாகச் சுற்றிய தெருக்கள். வெள்ளைச் சுவர் முழுக்க நீலச் சட்டிகள் தொங்க, சட்டிக்குச் சட்டி சிவப்புப் பூ.

"இதைப் பாருங்கோ. எவ்வளவு வடிவு," என்றாள் அஜந்தா.

எல்லோரும் பூவைப் பார்த்தார்கள். கோசலை படத்தின் வலது மூலையைப் பார்த்தாள்.

ஒரு கடையின் பின்வாசல். முதுகு காட்டி நிற்கும் ஒருவர், நீலக்கட்டச் சட்டை. அவளே மடித்துப் பெட்டியில் வைத்த சட்டை. அவருக்கு எதிரே குசினி ஏப்ரன் கட்டிய ஒரு ஸ்பானியப் பெண், முப்பது முப்பத்தைந்து வயதிருக்கும், அவருடைய கையைத் தன் இரண்டு கையாலும் பொத்திப் பிடித்திருந்தாள். அவள் காலடியில் சின்னப் பெண்பிள்ளை ஒன்று. பிள்ளையின் கையில் சிவப்பு விசிறி.

பின்வரிசையில் யாரோ, "அது எங்கட ஞானம் அண்ணையெல்லோ?" என்றார்கள்.

"அடுத்தத போடும்மா," என்றார் சுப்ராயன்.

சொன்ன வேகம்தான் கோசலையைக் குத்தியது. அவசரமில்லாமல் ஆறுதலாகவே பேசிப் பழகிய மனிதர். மிருணாளினியின் விரல் ஒரு கணம் நின்றது. தாயைப் பார்த்தாள். பிறகு அடுத்த படத்துக்குப் போனாள்.

ஞானசுந்தரம் அந்நேரம் கீழே குசினியில் நின்றார்.

*

கோசலை எழும்பிப் போய்ச் சுப்ராயனைப் படிக்கட்டருகே மறித்தாள்.

"ஐயா, ஒண்டு கேக்கிறன். மறைக்காமல் சொல்லோணும். அண்டைக்கு அவர் எங்கை போனவர்?"

"யாரு மதாம்?"

"உங்களுக்குத் தெரியும் ஆர் எண்டு."

சுப்ராயன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "நான் வாக்கு குடுத்துட்டேன் மதாம். அவரு வந்து கேட்டுக்கிட்டாரு. யார்கிட்டயும் சொல்ல வேணாம், நானே சொல்லிக்கிறேன்னாரு."

"எப்ப கேட்டவர்? கோர்டோபாவிலையோ?"

அவர் தயங்கினார். பொய் சொல்லிப் பழகாதவர் என்பது அந்தத் தயக்கத்திலேயே தெரிந்தது.

"பிப்ரவரியில," என்றார். "பேர் குடுக்கறதுக்கு முன்னாடியே வந்தாரு. பஸ்ஸு கோர்டோபாவுல எவ்ளோ நேரம் நிக்கும்னுதான் கேட்டாரு. வேற ஊரப் பத்தி ஒண்ணும் கேக்கல. காலையில மட்டும்தான்னு சொன்னேன். கொஞ்சம் நீட்டி வைக்க முடியுமான்னாரு. அவருக்காகத்தான் அன்னிக்குச் சாப்பாட்டயும் அங்கயே வச்சேன்."

கோசலை படிக்கட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். பிப்ரவரி. தாளைக் கொண்டுவந்து மேசையில் வைத்தது மார்ச்சில். முழுப் பயணமும், தொலேடோவும் செவில்லாவும் கிரனாடாவும், அந்த மூன்று மணி நேரத்தை மறைக்கப் போட்ட போர்வை. அதில் தானும் ஒரு நூல்.

"தப்பா ஒண்ணும் நெனைக்காதீங்க மதாம்," என்றார் சுப்ராயன். "நல்ல விஷயம்தான்."

"நல்ல விசயத்தை ஏன் ஐயா ஒளிக்கோணும்?"

சுப்ராயன் கண்ணாடியைத் திரும்ப மாட்டிக்கொண்டார்.

*

நாலு மணிக்கு ஆட்கள் போய்விட்டார்கள். மிருணாளினி கணினியை மூடி வைத்துவிட்டு, மிஞ்சிய சாப்பாட்டுத் தட்டங்களைக் கீழே இறக்கத் தொடங்கினாள். மண்டபத்தில் அவர்கள் இருவர் மட்டும். ஜன்னலுக்குக் கீழே ரூ பெர்தொனேயில் ஞாயிற்றுக்கிழமைச் சனம். நகைக்கடை வாசலில் யாரோ பெயர் சொல்லிக் கூப்பிடுகிற சத்தம்.

ஞானசுந்தரம் மேசை துடைத்தார். துடைத்த மேசையையே திரும்பவும் துடைத்தார்.

"அந்தப் பிள்ளை ஆர்?" என்றாள் கோசலை.

அவர் கை நின்றது.

"படத்திலை பாத்தனான். எல்லாரும் பாத்தவை. விசிறியும் அது கையிலைதான் இருந்தது. சொல்லுங்கோ. பிள்ளை ஆர்? அந்தப் பொம்பிளை ஆர்?"

"நான் சொல்லத்தான் நாள் பாத்துக்கொண்டிருந்தனான்."

"பதினாறு நாள் பாத்தனீங்களோ? பிப்ரவரியிலையிருந்து பாத்தனீங்களோ?"

அவர் துணியை மடித்து மேசை ஓரத்தில் வைத்தார்.

"அவவுக்குப் பேர் மெலிசா. அந்தக் கடையிலை வேலை செய்யிறா. பிள்ளைக்கு ஆறு வயது."

"பிள்ளையின்ரை தேப்பன்?"

எந்தப் பதில் வந்தாலும் தாங்கிக்கொள்ளப் பதினாறு நாளாகத் தன்னைத் தயார் பண்ணியிருந்தாள். வந்த பதில் அவள் தயார் பண்ணியவற்றில் ஒன்றுமில்லை.

"சாருஜன்," என்றார் ஞானசுந்தரம்.

*

அந்தப் பெயரை அவர்கள் வீட்டில் யாரும் சொல்லிப் பதினொரு வருடம்.

சாருஜன் ஞானசுந்தரத்தின் கடைசித் தம்பி. இருபத்துமூன்று வயதில் பிரான்சுக்கு வந்தவன். நாலு வருடம் அவர்கள் வீட்டு முன்னறையில் படுத்து, இதே கடையில் கோப்பை கழுவினான். மிருணாளினிக்குச் சைக்கிள் ஓடப் பழக்கியது அவன்தான்.

ஒருநாள் கோசலையின் பதக்கச் சங்கிலி அலுமாரியில் இல்லை. ஏழு பவுன், தாய் கொடுத்தது. வீட்டில் இருந்தவர்கள் நாலு பேர். தேடித் தேடிக் களைத்து, உறவினர் இரண்டு குடும்பம் வந்திருந்த நேரத்தில், அவர்கள் முன்னாலேயே கோசலை அவனைப் பார்த்து, "வீட்டுக்குள்ளை கள்ளனை வைச்சுச் சோறு போட்டிருக்கிறன்," என்றாள்.

சாருஜன் தன் பையைக் கொண்டுவந்து நிலத்தில் கொட்டினான். ஒவ்வொரு உடுப்பாக எடுத்து உதறிக் காட்டினான். எல்லாவற்றையும் திரும்ப அடுக்கிக்கொண்டு வெளியே போனான். அதற்குப் பிறகு அவனை யாரும் காணவில்லை. தமையன் தெரிந்தவர்களிடமெல்லாம் கேட்டுப் பார்த்தார். ஜெர்மனி என்றார்கள், போர்த்துக்கல் என்றார்கள்.

இங்கே, கோசலை தன் மனதுக்குள்கூட எடுத்துப் பார்க்காத ஒன்றைச் சொல்லியாக வேண்டும்.

அடுத்த குளிர்காலம் தொடங்கியபோது அவள் பழைய பெரிய குளிர் ஜாக்கெட்டை வெளியே எடுத்தாள். உள்பை கிழிந்திருந்தது. கீழ்க்கரையில் என்னவோ கனத்தது. உள்துணியைப் பிரித்தபோது சங்கிலி. கொண்டாட்டம் ஒன்றுக்குப் போட்டுவிட்டு, திரும்பும் வழியில் ரயிலில் பயந்து கழற்றி உள்பைக்குள் வைத்தது அப்போதுதான் நினைவு வந்தது.

அன்று வீட்டில் யாரும் இல்லை. கட்டிலில் வெகுநேரம் இருந்தாள். பின்னேரம் அவர் வந்ததும் சொல்லவேண்டும் என்று நினைத்தாள். அவர் வந்து, களைப்போடு சப்பாத்தைக் கழற்றினார். நாளைக்குச் சொல்லுவம் என்று விட்டாள். நாளை மாதமாகி, மாதம் வருடமாகிற்று. அவன் இருக்கும் இடமே தெரியாது, சொல்லி என்ன என்று ஒரு சமாதானமும் கிடைத்தது.

ஆக, மற்றவரைப் பதினாறு நாள் கண்காணித்தவள் பத்து வருடத்துக்கு மேலாகத் தன் கணவரிடம் ஒளித்தவள்.

*

"எங்கை கண்டுபிடிச்சனீங்கள்?" என்றாள் கோசலை.

"ஸ்பெயினிலையிருந்து மரக்கறி லொறி ஓடுற பெடியன் ஒருத்தன் இஞ்சை சாப்பிட வாறவன். கோர்டோபாவிலை ஒரு தமிழ்ச் சமையல்காரன் இருக்கிறான், உங்கட சாடை, சின்னப் பெண்பிள்ளை ஒண்டும் இருக்கு எண்டு சொன்னான். கடையின்ரை பேர் அவனுக்குத் தெரியேல்லை. தொலேடோவிலையிருந்தே கேட்டுக்கொண்டு போனன். இடையிலை வேறை ஊர்க் கடைக்கு மாறியிருந்தாலும் எண்டு நினைச்சு."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"சொன்னா வருவியோ?"

அவள் மேசை ஓரத்துத் துணியைப் பார்த்தாள்.

"என்னைக் கண்டதும் கட்டிப்பிடிச்சு அழுதான். நானும்தான். மனுசியையும் பிள்ளையையும் கூப்பிட்டுக் காட்டினான். தன்ரை கையாலை பொரிச்ச மீன் தந்தான். பாரிசுக்கு வா எண்டு கேட்டன். வாறதுக்கு முதல் ஒண்டு தெரியோணும் எண்டவன்."

"என்ன?"

ஞானசுந்தரம் அவளை நேராகப் பார்த்தார். பயணம் முழுக்கப் பார்க்காத பார்வை.

"அந்தச் சங்கிலி பிறகு கிடைச்சதோ எண்டு அண்ணியைக் கேளுங்கோ எண்டவன். வேறை ஒண்டும் கேக்கேல்லை."

"பதினாறு நாளா ஏன் கேக்கேல்லை?"

"கேட்டா நீ ஓம் எண்டு சொல்லிப்போடுவியோ எண்டு பயமா இருந்தது."

கீழே குசினியில் தட்டங்கள் மோதுகிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்லலாம். இன்றைக்கும் சொல்லலாம். அவருக்கு அது போதும். நம்புவார், அல்லது நம்புகிற மாதிரி இருந்துவிடுவார். கோசலை அவருடைய கைகளைப் பார்த்தாள். இருபத்தெட்டு வருட எண்ணெய்ச் சூட்டுத் தழும்புகள். அந்தக் கைகளில் ஒன்றைத்தான் அந்தப் பெண் பொத்திப் பிடித்திருந்தாள்.

"ஓம்," என்றாள். "கிடைச்சது."

"எப்ப?"

"அவர் போன அடுத்த குளிருக்கு. என்ரை ஜாக்கெட்டுக்குள்ளை கிடந்தது."

தன்னைவிடப் பதினைந்து வயது இளையவனை அவள் "அவர்" என்றது அவளுக்கே புதிதாக இருந்தது.

ஞானசுந்தரம் கதிரையில் இருந்தார். ஏசுவார் என்று பார்த்தாள். ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் போனை எடுத்து, ஒரு பெயரை அழுத்தி, அவள் முன்னால் மேசையில் நிமிர்த்தி வைத்தார்.

"நான் சொல்லமாட்டன். நீ சொல்லு."

"இப்பவோ?"

"எப்ப?"

திரை இருண்டு கிடந்து, பிறகு வெளித்தது. முகம் வந்தது. கன்னப் பக்கம் நரைத்திருந்தது. கழுத்தில் ஏப்ரன் கயிறு.

"அண்ணை," என்று தொடங்கியவன் அவளைக் கண்டு நிறுத்தினான். பின்னால் யாரோ தண்ணீர்க் குழாயைத் திறந்து மூடினார்கள்.

"அண்ணி," என்றான்.

"தம்பி," என்றாள் கோசலை. "சங்கிலி கிடைச்சது. நீர் எடுக்கேல்லை. எனக்குப் பத்து வருசத்துக்கு மேலையாத் தெரியும்."

சாருஜன் முகத்தில் இருந்தது கோபமா, அழுகையா என்று அவளுக்குப் பிரிக்கத் தெரியவில்லை.

"கொஞ்சம் பொறுங்கோ அண்ணி," என்றான். முகத்தைத் திருப்பி ஸ்பானிய மொழியில் கூப்பிட்டான். படத்தில் கண்ட அந்தப் பெண் ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு வந்து அவன் தோளோடு நின்றாள்.

"இனிச் சொல்லுங்கோ. ஒவ்வொரு வசனமாச் சொல்லுங்கோ. நான் இவவுக்குச் சொல்லோணும். எங்கட கலியாணத்துக்கு உன்ரை பக்கத்திலை ஏன் ஒருத்தரும் வரேல்லை எண்டு இவவின்ரை தேப்பன் கேட்டவர். நான் பொய் சொல்லேல்லை. என்னைக் கள்ளன் எண்டு சொன்னவை எண்டன். அண்டைக்கு எழும்பிப் போனவர். பேத்தி பிறந்தும் எங்கட வாசலுக்கு வரேல்லை. இதே ஊரிலை, ஆத்துக்கு அந்தப் பக்கம் இருக்கிறார்."

கோசலை சேலைத் தலைப்பை விரலில் சுற்றினாள். சொன்னாள். எந்த ஜாக்கெட், எந்தப் பை, எந்த மாதம் என்று சொன்னாள். உறவினர் முன்னால் சொன்ன சொல்லை மாற்றாமல் அப்படியே திரும்பச் சொன்னாள். ஒவ்வொரு வசனத்துக்கும் அவன் நிறுத்தி, மெலிசாவுக்கு அவள் மொழியில் சொன்னான். பாதியில் மெலிசா அவன் முதுகில் கை வைத்தாள். கண்ணை மட்டும் திரையிலிருந்து எடுக்கவில்லை.

முடிந்ததும் மெலிசா ஏதோ கேட்டாள். இரண்டே சொல். சாருஜன் உடனே மொழிபெயர்க்கவில்லை.

"என்னவாம்?" என்றார் ஞானசுந்தரம்.

"அது இப்ப எங்கை எண்டு கேக்கிறா."

சங்கிலி சங்கிலியாக இல்லை. ரூ பெர்தொனே நகைக்கடைகளில் கொடுத்தால் கதை வெளியே வரும் என்று பயந்து, லண்டனுக்குக் கலியாணம் ஒன்றுக்குப் போனபோது அங்கே உருக்கிக் காப்புச் செய்வித்திருந்தாள். சீட்டுக் காசில் வாங்கினது என்று அவரிடம் சொல்லி, மகளின் பதினெட்டாம் பிறந்தநாளுக்குப் போட்டுவிட்டாள்.

பதில் சொல்ல வாயெடுத்தபோதுதான் படிக்கட்டுப் பக்கம் பார்த்தாள். மிருணாளினி மேல்படியில் நின்றாள். எவ்வளவு நேரமாக நிற்கிறாள் என்று தெரியவில்லை. பதின்மூன்று வயதில், சித்தப்பா ஏன் போனவர் என்று அழுது அழுது கேட்டவளுக்கு, களவெடுத்துப்போட்டுப் போனவர் என்று சொன்னதும் இதே வாய்தான்.

"இஞ்சைதான் இருக்கு," என்றாள் கோசலை, திரையைப் பார்த்து. பிறகு மகளின் கைக் காப்பைப் பார்த்தாள். "மிருணா, வா பிள்ளை. சித்தப்பா."

மிருணாளினி வரவில்லை. நின்ற இடத்திலேயே நின்று, வலது கையால் இடது கைக் காப்பைப் பிடித்துக் கழற்றப் பார்த்தாள். ஆறு வருடமாகக் கழற்றாத காப்பு. மணிக்கட்டைத் தாண்டி வர மறுத்தது. தோல் சிவக்க, அவள் விடாமல் இழுத்துக்கொண்டிருந்தாள்.